அடிக்கு நிற்கிற ஆள்

மண்ணூர்பேட்டையில் பிரஸ் ஓட்டுகிறவன், லேத் பிடிக்கிறவன், பெயிண்ட் அடிக்கிறவன், லோடு ஏற்றுகிறவன் என்று தெருவுக்கு நூறு பேர் இருந்தார்கள். அடி வாங்குவதற்கென்றே சம்பளத்தில் இருந்தவன் துலுக்கானம் ஒருவன்தான்.

அவன் பெண்டாட்டி சொர்ணம் அதே கம்பெனியில் தைக்கிறவள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம், கால்வாயை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட். வாசலில் பாலாம்பிகை இண்டஸ்ட்ரீஸ் என்று தகரப் பலகை. முதலாளி ஜானகிராமன் முதலில் பஸ் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழிலோ எட்டிலோ ஓர் ஏஜெண்டு வந்து, வடக்கே கலவரம் ஓய்கிறதாயில்லை, அங்கத்துப் போலீஸ்காரர்களுக்கு நெஞ்சில் கட்டிக்கொள்ள பேடு வேண்டுமாம் என்று சொல்லப்போக, சீட்டு தைத்த மிஷின்களிலேயே பேடு தைக்க ஆரம்பித்தார்.

கழுத்துக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு மேலே முடிகிற பேடு. வெளியே காக்கிக் கித்தான். அதற்குள் அமுக்கிய கம்பளி மூன்று அடுக்கு. பில்லில் ஃபெல்ட் என்று எழுதுவார்கள், ஷெட்டில் எல்லாருக்கும் அது கம்பளிதான். நடுவில் ரப்பர் ஏற்றிய தேங்காய்நார், பஸ் சீட்டுக்குள் வைப்பார்களே அது. மறுபடி கம்பளி மூன்று. கடைசியில் உடம்போடு ஒட்டுகிற டிரில் துணி. ஆக மொத்தம் ஒன்பது. அடுக்குகளை வெட்டிக் கொடுப்பவர் கலீலுல்லா. பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மனுஷர். எல்லாருக்கும் பாய்.

சித்திரை வைகாசியில் அந்த ஷெட்டில் உட்காருவதும் அடுப்பில் உட்காருவதும் ஒன்று. மின்விசிறி போட்டால் கம்பளித் தூசு பறக்கும், நிறுத்தினால் உயிர் போகும். தூசு வியர்வையில் ஒட்டி, கழுத்து மடிப்பிலும் முழங்கை உள்பக்கத்திலும் அரித்துத் தள்ளும். பெண்கள் தைத்துக்கொண்டே சொறிந்துகொள்வார்கள், சொறிந்துகொண்டே தைப்பார்கள். தோல் தைக்கிற பெரிய மிஷின்கள் அவை. ஒன்பது அடுக்கைத் தள்ளிப் பிடிக்கத் தோளில் பலம் வேண்டும். சொர்ணத்துக்கு முப்பத்தெட்டு வயது. நெல் அறுத்த குடும்பத்துக் கை. அதனால் அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வந்த புதிதில் அவள் இறுக்கி இறுக்கித் தைத்தாள். கலீலுல்லா ஒன்றை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி இது, பலக மாதிரி கீது. இம்மாம் இறுக்குனா அடி நேரா உள்ள பூடும். கொஞ்சம் லூசா உடு. அடுக்குக்கு அடுக்கு நவுரணும். ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிகினு போவ சொல்லோ ஒவ்வொண்ணும் அடில கொஞ்சம் கொஞ்சம் துன்னுடும். கடசீல ஒடம்புக்கு வர்றது மிச்சம்தான்."

"அப்ப நெறைய அடுக்கு வச்சா ஒண்ணுமே வராதா பாய்?"

"நெறைய வச்சா போலீஸ்காரன் நடக்க மாட்டான், உருளுவான்" என்று சிரித்தார் பாய்.

துலுக்கானம் அப்போது லாரியில் லோடு இறக்குகிறவன். பீப்பாய் மாதிரி மார்பு, கோணல் பல், எதற்கும் சிரிப்பு. முதல் ஆர்டருக்காக அதிகாரிகள் வந்த அன்றைக்கு அவன் நார்க் கட்டுகளைச் சுமந்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்களில் ஒருவர் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைக் கட்டிக்கொண்டு யாராவது நிற்கட்டும், லத்தியால் அடித்துப் பார்த்துவிடலாம் என்றார். ஷெட்டில் இருந்த ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஜானகிராமனும் தரையைத்தான் பார்த்தார். துலுக்கானம் கட்டை இறக்கிவிட்டு வந்தான்.

"நான் நிக்கிறேன் சார்."

மூன்று அடி. மூன்றாவதுக்கு லத்தி எகிறி அடித்தவரின் கையே உதறிப்போயிற்று. "கொசு குந்துனாப்ல கீது சார்" என்று துலுக்கானம் பல்லைக் காட்டினான். ஆர்டர் கிடைத்தது. அடுத்த மாதத்திலிருந்து அவன் லோடு தூக்கவில்லை.

முதலாளியின் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து போனான். பெங்களூர் போனான். ஐதராபாத்துக்கு ரயிலில் போனான். ஆபீஸ் வாசலிலோ மைதானத்திலோ நிறுத்தி அடிப்பார்கள். லத்தியால் அடிப்பார்கள், கல்லெறிவார்கள், ஒருவர் படுக்கச் சொல்லி மேலே ஏறியே நின்றாராம். போகப் போக அவன் அதை ஒரு வித்தையாக்கிக்கொண்டான். அடி விழும்போதே வாழைப்பழம் உரித்துச் சாப்பிடுவான். அதிகாரிகள் சிரித்துவிட்டுக் கை கொடுப்பார்கள். ஊரில் அவனுக்குப் பேடு மாஸ்டர் என்று பேர். சலூனில் அவன் உள்ளே வந்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

ஊட்டுக்கு வந்தால் கதை வேறு. தோல் கிழிந்திருக்காது. மார்க்காம்புக்குக் கீழே நாவல்பழம் நசுக்கின மாதிரி கன்றிப்போயிருக்கும். விலாவில் தடிப்பு தடிப்பாகப் பச்சை, மஞ்சள், கறுப்பு. சொர்ணம் நொச்சித் தழை போட்டுத் தண்ணீர் காய்ச்சி ஊற்றுவாள்.

"வலிக்குதாயா?"

"ச்சீ, இன்னா வலி. ஊத்துமே நீ."

அவள் துணியால் ஒற்றும்போது பார்த்தால் துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பான். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமாமலே நிற்பான்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம், மற்ற பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, சொர்ணம் அவனுடைய பேடை எடுத்து உள்பக்க டிரில் தையலைப் பிரித்தாள். அடித்துக் காட்ட அவன் கொண்டுபோவது எப்போதும் அந்த ஒரே பேடுதான். கம்பளிக்கும் கம்பளிக்கும் நடுவில் மெல்லிசான வெட்டுத்துண்டு இரண்டு வைத்தாள். அவளுடைய பழைய வாயில் புடவை ஒன்றை எட்டாக மடித்து, நெடுக்காக நாலு குறுக்காக நாலு என்று பரப்பி, லூசாக ஓட்டுத் தையல் போட்டாள். மூடித் தைத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள். கொஞ்சம் கனம் கூடியிருந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்தபோது கலீலுல்லா கத்தரியோடு நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் போய்விட்டார். மறுநாள் அவள் மிஷின் பக்கத்தில் நல்ல கம்பளி வெட்டுத்துண்டுகள் ஒரு பையில் இருந்தன.

பொய் செய்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. குழம்பு ஊற்றும்போது அவன் தட்டில் ஒரு மீன் துண்டு கூடுதலாகப் போட்ட மாதிரிதான் இருந்தது.

அடுத்த தடவை திரும்பி வந்தபோது அவன் உடம்பில் ஒரு கன்றலும் இல்லை. குழாயடியில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான்.

"பாத்தியாமே? ஒடம்பு இறுகிப்போச்சு. பய்க்கத்துல வந்துருச்சு. இனிமே இரும்பால அடிச்சாக்கூட உள்ள எறங்காது."

தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். சொர்ணமும் சிரித்தாள். அவன் இருமுவதையும் தும்முவதையும் காது கொடுத்துக் கேட்டாள். நன்றாக, வாய்விட்டு இருமினான். அது போதும் அவளுக்கு.

ஆடியில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கம்பளி விலை ஏறிவிட்டது என்றார் ஜானகிராமன். கலீலுல்லாவைக் கூப்பிட்டு, இனிமேல் மூன்று மூன்று வேண்டாம், இரண்டு இரண்டு போதும் என்று சொன்னார்.

"கனமா இருக்குன்னு அவங்களே சொல்றாங்க பாய். ஏழே போதும்."

"சார், ஒம்போதுன்னு எழுதிக் குடுத்துருக்கோம்."

"எழுதினது எனக்குத் தெரியாதா? வெட்டுங்க."

பாய் வெட்டினார். பெண்கள் தைத்தார்கள். ஏழு அடுக்கு மிஷினில் சுலபமாக ஓடிற்று, தோள் வலி குறைந்தது, இரண்டு பேர் நல்லதாப் போச்சு என்றுகூடச் சொன்னார்கள். கட்டுக் கட்டாக லாரி ஏறிப் போனது. சொர்ணம் மட்டும் ஒருநாள் ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தாள். ஐதராபாத்தில் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தது அவள் புடவை வைத்த பேடை. லாரியில் போவது இது. யோசித்தாளே தவிர யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முதலாளி குறைத்தது ஒரு பக்கம், அவள் கூட்டினது ஒரு பக்கம். வாயைத் திறந்தால் இரண்டும் வெளியே வரும்.

ஐப்பசியில் கடிதம் வந்தது. எங்கேயோ கல்வீச்சில், இந்தப் பேடைக் கட்டியிருந்த இரண்டு போலீஸ்காரர்களுக்கு விலா எலும்பு உடைந்துவிட்டதாம். மூன்று அதிகாரிகள் நேரில் வருகிறார்கள், குடோனிலிருந்து அவர்களே ஒரு பேடை எடுத்துச் சோதனை போடுவார்களாம்.

ஜானகிராமன் துலுக்கானத்தைக் கூப்பிட்டுச் சொல்லும்போது சொர்ணம் மிஷினில் இருந்தாள். எழுந்து போய் அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"அவர் வோணாம் சார். அந்த ஏழு தாங்காது சார்."

"அவன் தாங்குவான்மா. அவன் தாங்காததா?"

"எதுனா பொம்மைக்கிப் பேடக் கட்டி அடிச்சுக் காட்டலாமே சார்."

"பொம்மை சிரிக்குமா?" அவர் முகம் வீங்கியிருந்தது, நாலு நாளாகத் தூங்காத கண். "இது போச்சுன்னா அனுப்பினது அத்தனையும் திரும்பி வரும். ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். இருபத்தெட்டு பொம்பளைங்க இருக்கீங்க. எங்க போவீங்க, சொல்லு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லா மிஷினும் நின்றிருந்தது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரிகள் வருகிற அன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு ஏறி, ஊட்டு வாசல்படியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. துலுக்கானம் கேழ்வரகுக் கூழைக் கரைத்து வைத்துக்கொண்டு, சுட்ட நெத்திலியை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை கொடியில் தொங்கியது.

"இன்னிக்குப் போவாதயா" என்றாள் சொர்ணம்.

"ஏன், இன்னா?"

"காச்சல்னு சொல்லிடு. பாய்கிட்ட சொல்லி உடறேன்."

"எனுக்கு இன்னா காச்சல்? நல்லாத்தான கீறேன்."

"மய பேயுது. குடோன்ல எல்லாம் நமுத்துக்கினு கீது. ஈரக் கம்பளி அடி தாங்காதுயா."

"கம்பளியா தாங்குது? நான்ல தாங்குறேன்." நெத்திலி பிடித்த கையாலேயே மார்பைத் தட்டிக்கொண்டான். "நீ வேற. இன்னா பேடு குடுத்தா இன்னா, பேடே குடுக்காங்காட்டி இன்னா. இது கீதே, இது."

அந்தச் சொல்தான் அவளைப் பேசவைத்தது. பயத்தில் பேசினாள்.

"நீ தாங்கலயா. உன் பேடுல நான் கூட வச்சு தச்சிருக்கேன்."

"இன்னா?"

"கம்பளி ரெண்டு. என் பச்ச வாயில் பொடவ எட்டு மடிப்பு. உள்ள. உனுக்குத் தெரியாது. இன்னிக்கு அவுங்க குடுக்கறதுல அது இல்லயா. அதுல ஏழுதான் கீது. நீ நின்னா செத்துருவ."

அவன் கூழை வாயருகில் வைத்தபடி இருந்தான். பிறகு கீழே வைத்தான்.

"எப்பலர்ந்து?"

"பங்குனிலர்ந்து."

"பெங்களூருக்குப் போனனே, ரெண்டாந்தபா?"

"அதுலயும்தான்."

"ஐதராபாத்துல? அந்த ஆபீசரு மேல ஏறி நின்னானே?"

அவள் தலையை ஆட்டினாள். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் ஏதோ கணக்குப் போடுகிறவன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் மெதுவாக வந்தது.

"அப்ப அவனுங்க கை குடுத்தது எனுக்கு இல்ல. உன் பொடவைக்குக் குடுத்தானுங்க."

"அப்பிடி ஏன்யா நென்ச்சிக்கிற? உனுக்கு வலிக்கக்கூடாதுன்னுதான்..."

"நான் கேட்டனாமே உன்ன? வலிக்குதுன்னு சொன்னனா?"

"துண்டக் கடிச்சிகினு கீற. பாக்க முடியலயா என்னால."

"கடிப்பேன். அது என் துண்டு, என் பல்லு." எழுந்தான். "தெருவுல சட்டையக் கயட்டிட்டு நின்னனே. உள்ளுக்குள்ள சிரிச்சியா நீ?"

"ஐயோ, என்னாயா பேசற?"

அவன் கூழைக் குடிக்கவில்லை. முகத்தைக் கழுவினான், தலையை வாரினான், வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனான். குடையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவன் வாங்கவில்லை.

வந்த மூன்று பேருக்கும் தமிழ் தெரியாது. உயரமாக ஒருவர், கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர், எழுதிக்கொள்கிறவர் ஒருவர். குடோனில் அடியில் கிடந்த கட்டைப் பிரிக்கச் சொல்லி, நடுவிலிருந்து ஒன்றை உருவினார்கள். தூரத்தில் பார்க்கும்போதே சொர்ணத்துக்குத் தெரிந்தது, ஓரம் எவ்வளவு மெல்லிசு என்று. அவள் தைத்ததோ பக்கத்து மிஷின் தைத்ததோ, எல்லாம் ஒன்றுதான்.

முதுகுப் பட்டையைக் கட்ட அவளைத்தான் கூப்பிட்டார் ஜானகிராமன். வார் வழுக்கிக்கொண்டே போனது.

"வோணான்னு சொல்லுயா. உன் கால்ல உயறேன்" என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"இறுக்கிக் கட்டு" என்றான் அவன், திரும்பாமல்.

மழை விட்டிருந்தது. ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். லத்தியால் மூன்று. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றான். பழம் எதுவும் கேட்கவில்லை. உயரமானவர் திருப்தியில்லாமல் ஏதோ சொன்னார். கல் வேண்டும் என்று ஜானகிராமன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். யாரோ அரைச் செங்கல் நாலைந்து கொண்டுவந்து வைத்தார்கள்.

பத்தடி தள்ளி நின்று முதல் கல்லை எறிந்தார் உயரமானவர். அது நடுமார்பில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டாவது கல் இடது பக்கம், கடைசி விலாவில், பேடின் பக்க ஓரத்தில் பட்டது. நல்ல பேடில் கல் பட்டால் பொத்தென்று தலையணையில் விழுந்த மாதிரி கேட்கும். இது டொக்கென்று கேட்டது. கலீலுல்லா வாசலில் நின்றிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். துலுக்கானத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் எங்கேயோ போய்விட்டு வந்தது.

"போதும் துலுக்கானம்" என்றார் ஜானகிராமன், தணிந்த குரலில்.

"இன்னொண்ணு போடச் சொல்லுங்க சார்."

"போதும்பா."

"போடச் சொல்லுங்க சார்!"

அவர் சொல்வதற்குள் சொர்ணம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "வோணாம் சார்! அது ஏயு அடுக்குதான் சார்! கம்பளி கொறைச்சிட்டாங்க சார்! பிரிச்சுப் பாருங்க சார், பிரிச்சுப் பாருங்க!"

அதிகாரிகள் ஜானகிராமனைப் பார்த்தார்கள். அவர் அவர்கள் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னார். கண்ணாடிக்காரர் சொர்ணத்தைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்து, பயப்படாதே என்பதுபோலக் கையைக் காட்டினார். பெண்டாட்டி பயப்படுகிறாள் என்று ஜானகிராமன் சொல்லியிருப்பார். மூன்றாவது கல்லையும் எறிந்தார்கள். அவன் நின்றான். எழுதுகிறவர் எழுதினார். அந்தப் பேடைக் கழற்றி, கயிறு கட்டி அரக்கு வைத்து, இதுதான் மாதிரி என்று சீல் போட்டார்கள்.

துலுக்கானம் நடந்தேதான் ஊட்டுக்கு வந்தான். சட்டையைக் கழற்ற விடவில்லை. வெந்நீர் வேண்டாம் என்றான். அவளோடு பேசவில்லை. பொழுது சாயும்போது மட்டும் தானாக ஒன்று சொன்னான்:

"தோள்பட்ட இன்னாத்துக்கு வலிக்குது? அங்க அடியே படலியே."

அவள் தோளை நீவிவிட்டாள். அவள் கையைத் தட்டிவிடவில்லை, அவ்வளவுதான்.

விடிந்தபோது அவன் முகம் சாம்பலாயிருந்தது. உடம்பு நனைந்த துணி மாதிரி குளிர்ந்து, வயிறு கல்லாய் இறுகியிருந்தது. எட்டு மணிக்கு வேலைக்கு வந்த கலீலுல்லாவிடம் யாரோ சொல்லி, அவர் ஓர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் பாய், ஒரு பக்கம் அவள், நடுவில் அவன். பாடி போகிற ரோடு பூராவும் தண்ணீர்தான். லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆட்டோக்காரன் நடைபாதையில் ஏற்றி ஏற்றி ஓட்டினான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் துலுக்கானம் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மே."

"இன்னாயா?"

"நேத்து நின்னது நாந்தான?"

"நீதான்யா. நீயேதான்."

"ஏயு அடுக்குதான?"

"ஏயுதான்யா. ஒண்ணும் வைக்கல நான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கலீலுல்லா இறங்கி உள்ளே ஓடினார். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் சொர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் அவன் விரல்கள் இருந்தன, பிடி இல்லை.

சாவுக்கு ஜானகிராமன் வந்தார். பெரிய மாலை போட்டார், மேளம், பாடை எல்லாம் அவர் செலவுதான். நெமிலிச்சேரியில் கட்டிக்கொடுத்த மகள் வசந்தகுமாரி, அப்பனின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். கூட்டம் குறைந்த பிறகு அவர் சொர்ணத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சொர்ணம், நான் கெட்டவன் இல்லம்மா."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீ எங்கயாவது போய்ச் சொல்லலாம். சொல்லாதேன்னு சொல்லல. ஆனா கேப்பாங்க. முதல்ல காட்டின பேடுல புடவை வச்சுத் தைச்சது யாருன்னு கேப்பாங்க. பாய் எங்கிட்ட எல்லாம் சொல்லி அழுதுட்டாரு. உன் புடவையப் பார்த்துத்தானேம்மா அவங்க ஆர்டர் குடுத்தாங்க? அந்த ரெண்டு போலீஸ்காரனும் அத நம்பித்தானே கட்டிக்கிட்டுப் போனானுங்க?"

குறைத்தது நீ என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழுந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அதுவாகவே அடங்கிவிட்டது. அவர் சொன்னதில் பாதி பொய்யாக இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

மகள் கூட வரச்சொன்னாள். மருமகன் ஊட்டில் ஒரே ரூம், மாமியார், இரண்டு நாத்தனார். சொர்ணம் போகவில்லை. பதினாறு முடிந்து, பதினேழாம் நாள் காலையில் ஷெட்டுக்குப் போனாள். மிஷினுக்கு யாரோ எண்ணெய் விட்டு வைத்திருந்தார்கள். கலீலுல்லா அவள் முகத்தைப் பார்க்காமல் வெட்டின அடுக்குகளைக் கொண்டுவந்து வைத்தார். பெரிய ஆர்டர். அரக்கு வைத்த மாதிரியைப் போலவே எல்லாம் இருக்க வேண்டும். ஏழு ஏழாக எடுத்துத் தைத்தாள்.

தை பிறந்ததும் அடிக்கு நிற்க வேறு ஆள் வைத்தார்கள். வேம்புலி என்று இருபத்தைந்து வயசுக்காரன், முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்தவன், கபடி ஆடுகிற உடம்பு. அவன் பெண்டாட்டி பேபிக்கும் ஷெட்டிலேயே நூல் கத்தரிக்கிற வேலை கிடைத்தது. கல்யாணமாகி நாலு மாதம். சிவந்த வளையல் குலுங்க, எல்லாரிடமும் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்கிற பெண்.

ஒருநாள் மத்தியானம் அவள் வடகறியை இலையில் வைத்துக்கொண்டு சொர்ணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"துன்னுக்கா. எங்க மாமியா ஊட்டுப் பக்குவம்."

"வை."

"யக்கா, உன்னாண்ட ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

பேபி அக்கம்பக்கம் பார்த்தாள். "அண்ணனுக்கு நீ உள்ள எதையோ வச்சு தச்சியாமே. அதான் அவருக்கு அடி எறங்கலன்னு சொல்லிக்கிறாங்கோ. எனுக்கும் சொல்லிக் குடுக்கா. இவரு முந்தாநேத்து ஆபீஸ்ல சும்மா ரெண்டு அடிதான் வாங்குனாரு. ஊட்டுக்கு வந்து ஒருக்களிச்சுப் படுக்க முடியல."

சொர்ணம் கையைக் கழுவினாள்.

"எதுவும் வைக்காத" என்றாள்.

"இன்னாக்கா?"

"வலிக்கட்டும் அவனுக்கு. நல்லா வலிக்கட்டும். வலிச்சாத்தான் போதும்டா சாமின்னு கத்திகினு ஓடியாருவான். கத்தலன்னா அடிச்சிகினே இருப்பாங்கோ. ஒரு நூலுகூட வைக்காதடி."

பேபியின் முகம் சுருங்கியது. இலையை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தெரியும்க்கா. உனுக்கு ஆனது எனுக்கும் ஆவணும்னு பாக்கற."

"அடியே, அப்பிடி இல்லடி..."

"உடு. தாலி அறுத்தவகிட்ட வந்து கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

வளையல் குலுங்கப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் ஷெட் பூராவும் அது பரவியது. மறுநாளிலிருந்து சாப்பாட்டு வட்டம் அவளை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. பேபி சந்தேகத்தோடு அவள் பக்கம் பார்ப்பதும், பார்த்ததும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வேறொரு கம்பெனிக்காரர்கள் பேடு பார்க்க வந்தார்கள். வேம்புலியை வெளியே நிறுத்தினார்கள். ஆண்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். பேபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொர்ணம் மிஷினை நிறுத்தினாள். சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காதை அந்தப் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தாள். கத்துடா, கத்துடா அப்பா என்று அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

முதல் அடி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது பலமாகவே விழுந்தது.

வெளியே எல்லாரும் கை தட்டினார்கள். வேம்புலி சிரித்தான்.